காமிரா வாங்கப் போகிறீர்களா? குறைந்த பணத்தில் நல்லதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கடையின் கண்ணாடி அலமாரியில் காமிராக்கள் வரிசையாக இருக்கின்றன. எல்லாம் கறுப்பு. தூரத்தில் இருந்து பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கின்றன. ஆனால், ஒன்றின் விலை 5 ஆயிரம் ரூபாய். பக்கத்தில் இருப்பதன் விலை 50 ஆயிரம்!

5 ஆயிரம் ரூபாய் காமிராவின் பெட்டியில், "64 மெகாபிக்சல்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. 50 ஆயிரம் ரூபாய் காமிராவின் பெட்டியிலோ, "24 மெகாபிக்சல்" என்றுதான் இருக்கிறது.

64 பெரிதா, 24 பெரிதா?

இந்த இடத்தில்தான் பலர் பணத்தைக் கோட்டை விடுகிறார்கள்.

அரிசி, பருப்பு போல மாதா மாதம் வாங்கும் பொருள் அல்ல காமிரா. சாதாரணக் குடும்பத்தில், சீட்டு எடுத்த பணத்திலோ தீபாவளி போனசிலோதான் அதை வாங்க முடியும். ஒரு தடவை ஏமாந்தால், மறுபடி வாங்கப் பல வருஷம் ஆகிவிடும். அதற்குள், தவழ்ந்து கொண்டிருந்த குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிடும். போன பணத்தைச் சம்பாதித்து விடலாம். போன வயதைப் படம் பிடிக்க முடியாது!

காமிராவைப் பற்றிச் சில விஷயங்கள் தெரிந்தால் போதும். ஏமாற வேண்டியதே இல்லை.

முதல் டிஜிட்டல் காமிரா

பழைய காமிராவில் பிலிம் சுருள் இருந்தது. டிஜிட்டல் காமிராவில் பிலிம் கிடையாது. பிலிம் இருந்த இடத்தில், ஒளியை மின்சாரமாக மாற்றும் ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. அதற்குச் சென்சார் என்று பெயர்.

இதற்கு அடிப்படையான சில்லை 1969-ல் கண்டுபிடித்தவர்கள் வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்ற இரண்டு விஞ்ஞானிகள். அமெரிக்காவில் உள்ள பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் அவர்கள் வேலை பார்த்தார்கள். இந்தக் கண்டுபிடிப்புக்காக 2009-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

அப்படிப்பட்ட சில்லை வைத்து, 1975-ல் ஒரு காமிரா செய்தார் ஸ்டீவன் சாசன். இவர் கோடாக் கம்பெனியின் என்ஜினீயர். காமிராவின் எடை சுமார் மூன்றரை கிலோ! எடுத்த படம், ஒலிநாடா கேசட்டில் பதிவானது. ஒரு படம் பதிவாக 23 வினாடி ஆயிற்று. அதுவும் கறுப்பு வெள்ளைப் படம்.

அந்தப் படத்தில் இருந்த புள்ளிகள் மொத்தம் 10 ஆயிரம். இன்றைக்குச் சாதாரணக் காமிராவிலேயே 2 கோடி புள்ளிக்கு மேல் இருக்கிறது.

புள்ளியிலே மயங்காதீர்கள்

டிஜிட்டல் படம் என்பது புள்ளிகளின் கூட்டம். மெகாபிக்சல் என்பது அந்தப் புள்ளிகளின் எண்ணிக்கை. ஒரு மெகாபிக்சல் என்றால் 10 லட்சம் புள்ளி. 24 மெகாபிக்சல் என்றால் 2 கோடியே 40 லட்சம் புள்ளி.

வீட்டுக்கு எத்தனை புள்ளி தேவை? கணக்குப் பார்த்து விடலாம்.

ஆல்பத்தில் ஒட்டும் படம் 6 அங்குல நீளம், 4 அங்குல அகலம். அதைத் தெளிவாக அச்சிட, ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். நீளத்தில் 1,800 புள்ளி. அகலத்தில் 1,200 புள்ளி. பெருக்கினால் 21 லட்சத்து 60 ஆயிரம். அதாவது, 2 மெகாபிக்சலுக்குச் சற்று அதிகம். அவ்வளவுதான்!

சுவரில் மாட்ட, ஏ-4 தாள் அளவில் பெரிய படம் வேண்டுமா? அதற்கு 9 மெகாபிக்சல் போதும். வீட்டில் 4-கே டெலிவிஷன் இருக்கிறதா? அதன் திரையில் இருப்பதே சுமார் 83 லட்சம் புள்ளிதான்.

ஆக, 12 மெகாபிக்சல் இருந்தால் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். 64 என்ற எண்ணுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொரு தந்திரமும் உண்டு. பெயர் தெரியாத மலிவுக் காமிராக்கள் பலவற்றில், சில்லில் உள்ள உண்மையான புள்ளி குறைவாகவே இருக்கும். இரண்டு புள்ளிக்கு நடுவே காமிராவே கற்பனையாக வேறு புள்ளிகளைப் போட்டு நிரப்பும். பெட்டியில் 64 என்று அச்சடிப்பார்கள். பாலில் தண்ணீர் கலந்து படியை நிரப்புவது போலத்தான் இது!

ஒளிதான் உயிர்

அப்படியானால், பார்க்க வேண்டியது எதை? சென்சாரின் அளவை.

மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு டம்ளரையும், ஓர் அண்டாவையும் வையுங்கள். எதில் அதிகத் தண்ணீர் சேரும்? அண்டாவில்தான். காரணம், அதன் வாய் பெரிது. சென்சாரும் அப்படித்தான். அது பெரிதாக இருந்தால், அதிக ஒளியை வாங்கும். குறைந்த வெளிச்சத்திலும் படம் தெளிவாக விழும். சிறிதாக இருந்தால், மாலை நேரத்தில் எடுத்த படத்தில் மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

சட்டைப் பையில் போடும் சிறு காமிராக்கள் பலவற்றில் சென்சாரின் நீளம் சுமார் 6 மில்லி மீட்டர். அகலம் நாலரை மில்லி மீட்டர். சுண்டு விரல் நகத்தைவிடச் சிறியது! கடைக்காரர்கள் இதை 1/2.3 அங்குலச் சென்சார் என்பார்கள்.

அடுத்தது, "ஓர் அங்குலச் சென்சார்." பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. அதன் நீளம் ஓர் அங்குலம் அல்ல. 13 மில்லி மீட்டர்தான். பரப்பில் முதல் வகையைப் போல 4 மடங்கு.

லென்சைக் கழற்றி மாட்டும் காமிராக்களில் பரவலாக இருப்பது, "ஏ.பி.எஸ்.சி." என்ற அளவு. நீளம் சுமார் 23 மில்லி மீட்டர். அகலம் 15 மில்லி மீட்டர். சிறு காமிராவின் சென்சாரைப் போல ஏறக்குறைய 12 மடங்கு பரப்பு. குறைந்த பணத்தில் நல்ல படம் வேண்டும் என்பவர்களுக்கு ஏற்றது இதுதான்.

அதற்கும் மேலே, "புல் பிரேம்" இருக்கிறது. பழைய பிலிமின் அளவு. 36-க்கு 24 மில்லி மீட்டர். படம் பிரமாதமாக இருக்கும். விலையும் பிரமாதமாக இருக்கும்! காமிராவோடு முடியாது. அதற்கான லென்சுகளும் விலை அதிகம்.

லென்சில் ஓர் எண்

சென்சார் அண்டா என்றால், லென்ஸ் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய். லென்சின் முன்புறத்திலோ பக்கத்திலோ ஓர் எண் எழுதியிருக்கும். 1.8, 3.5, 5.6 என்று இருக்கும். லென்சின் துவாரம் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதை அது காட்டுகிறது. இதிலே ஒரு வேடிக்கை. எண் சிறிதானால், துவாரம் பெரிது! 5.6 உள்ளே விடும் ஒளியைப் போல, 1.8 ஏறக்குறைய 10 மடங்கு ஒளியை விடும்.

இது எங்கே பயன்படும்? பள்ளிக்கூட ஆண்டு விழாவை எடுத்துக்கொள்வோம். குழந்தை மேடையில் ஆடுகிறது. ஆட்டம் கலையாமல் படம் பிடிக்க வேண்டுமானால், ஒரு வினாடியை 250 பங்காக்கி, அதில் ஒரு பங்கு நேரத்துக்குள் படம் விழ வேண்டும். அவ்வளவு சிறிய நேரத்தில் உள்ளே வரும் ஒளியும் குறைவு. மேடை விளக்கோ மங்கல். அப்போது 1.8 என்ற எண் உள்ள லென்ஸ் கை கொடுக்கும். 5.6 தடுமாறும்.

காமிராவோடு சேர்த்துக் கொடுக்கும் சாதாரண லென்ஸ், பெரும்பாலும் "18-55" வகையாக இருக்கும். அறைக்குள் குடும்பமாக நிற்பதை எடுக்கலாம். ஓரளவு நெருக்கியும் எடுக்கலாம். பகலுக்கு நல்லது. இரவுக்கு, "50 மில்லி மீட்டர், 1.8" என்ற லென்சைப் பிறகு வாங்கிக் கொள்ளலாம். பெரிய கம்பெனிகளின் லென்சுகளில் விலை குறைந்தவற்றில் இதுவும் ஒன்று. ஆனால், அதில் ஜூம் கிடையாது. நெருக்கி எடுக்க வேண்டுமானால், காலால் நடந்துதான் போக வேண்டும். ஆண்டு விழாவுக்கு முன் வரிசையில் இடம் பிடித்து விடுங்கள்!

ஜூம் என்று சொன்னால், "ஆப்டிகல் ஜூமா, டிஜிட்டல் ஜூமா?" என்று கேளுங்கள். ஆப்டிகல் என்பது, லென்சே நகர்ந்து காட்சியை நெருக்கிக் காட்டுவது. டிஜிட்டல் என்பது, எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவது. பத்திரிகைப் படத்தைப் பூதக் கண்ணாடியில் பார்த்தால், புள்ளிதான் பெரிதாகத் தெரியும். புதிய விவரம் தெரியாது. டிஜிட்டல் ஜூமும் அதே கதைதான். அதற்காகப் பணம் கொடுக்காதீர்கள்.

போன் போதாதா?

"கையில் போன் இருக்கிறதே! காமிரா எதற்கு?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி.

பகல் வெளிச்சம், அருகில் நிற்கும் ஆள், அசையாத பொருள்: இவற்றுக்குப் போன் போதும். போனின் சென்சார் சிறியதுதான். ஆனால், அது ஒரே நொடியில் பல படங்களை எடுத்து, அவற்றை ஒன்றாகச் சேர்த்து, நல்ல படமாக்கி விடுகிறது.

எங்கே தோற்கும்? தூரத்தில் இருப்பதை எடுக்கும்போது. மங்கலான வெளிச்சத்தில் ஓடும் குழந்தையை எடுக்கும்போது. பறவையை எடுக்கும்போது. இந்த மூன்றும் உங்களுக்கு வேண்டாம் என்றால், காமிரா வாங்காமல் இருப்பதே லாபம்!

விரல் நகத்தை விடச் சிறிய சென்சார் கொண்ட மலிவுக் காமிராவை வாங்குவதிலும் பொருள் இல்லை. பெரிய ஜூம் இருந்தால் ஒழிய, அது நல்ல போனைவிடச் சிறந்த படம் தராது.

போன் வந்ததால் காமிரா வியாபாரமே படுத்துவிட்டது. ஜப்பான் காமிராக் கம்பெனிகளின் சங்கம் வெளியிட்ட கணக்கு இது: 2010-ல் கம்பெனிகள் அனுப்பிய டிஜிட்டல் காமிராக்கள் 12 கோடிக்கு மேல். 2023-ல் 80 லட்சத்துக்கும் குறைவு! முதல் டிஜிட்டல் காமிரா செய்த கோடாக் கம்பெனியே, பிலிமை நம்பி இருந்து, 2012-ல் கடன் தாளாமல் திவால் பாதுகாப்புக் கேட்டு கோர்ட்டுக்குப் போயிற்று.

இதனால், மலிவான புதுக் காமிராக்கள் குறைந்துவிட்டன. கம்பெனிகள் விலை உயர்ந்த மாடல்களையே அதிகம் செய்கின்றன. குறைந்த பணம் உள்ளவர்களுக்கு வேறு வழி? உண்டு. பழைய காமிரா!

பழையது மோசமா?

லென்ஸ் கழற்றும் காமிராவில் இரண்டு ஜாதி. ஒன்று, டி.எஸ்.எல்.ஆர். அதன் உள்ளே ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியே வரும் காட்சியை அது கண்ணுக்குக் காட்டும். இன்னொன்று, மிர்ரர்லெஸ். அதில் கண்ணாடி கிடையாது. சின்ன மின்சாரத் திரையில் காட்சி தெரியும்.

கானன், நிக்கான் இரண்டு கம்பெனிகளும் 2020-க்குப் பிறகு மிர்ரர்லெஸ் பக்கம் போய்விட்டன. அதனால், பலர் தங்கள் டி.எஸ்.எல்.ஆர். காமிராவை விற்கிறார்கள். விலையும் இறங்கியிருக்கிறது.

2017-ல் வந்த கானன் 200-டி, 2018-ல் வந்த நிக்கான் டி-3500 ஆகியவை நல்ல உதாரணம். இரண்டிலும் 24 மெகாபிக்சல். இரண்டிலும் ஏ.பி.எஸ்.சி. சென்சார். காமிராவுக்கு வயதானாலும் படத்துக்கு வயதாகாது.

பாட்டரியிலும் டி.எஸ்.எல்.ஆர். கெட்டி. கண்ணாடி வழியே பார்ப்பதற்கு மின்சாரம் செலவில்லை அல்லவா? நிக்கான் டி-3500, ஒரு தடவை சார்ஜ் செய்தால் சுமார் 1,550 படம் எடுக்கும் என்பது கம்பெனியின் கணக்கு. 2014-ல் வந்த சோனி ஏ-6000 என்ற மிர்ரர்லெஸ் காமிராவுக்குச் சுமார் 360 படம்தான். ஆனால், மிர்ரர்லெஸ் காமிரா எடை குறைவு. எடுத்துப் போவது சுலபம்.

பார்த்து வாங்குங்கள்

பழைய காமிரா வாங்கும்போது, ஒரு டார்ச் விளக்கும், நீங்கள் எடுத்துப் போகும் ஒரு மெமரி கார்டும் கையில் இருக்கட்டும். பகலில் போங்கள்.

முதலில் லென்ஸ். அதைக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல உள்ளே தெரிகிறதா? அதுதான் பூஞ்சணம். கடைக்காரர்கள் "பங்கஸ்" என்பார்கள். ஈரக் காற்றுள்ள ஊர்களில் இது சீக்கிரம் பிடிக்கும். பூஞ்சணம் உள்ள லென்சை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இரண்டாவது, சென்சார். லென்சின் எண்ணை 16-ல் வைத்து, வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள். கறுப்புப் பொட்டு தெரிந்தால், அது தூசி. சுத்தம் செய்துவிடலாம். அதற்கான செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். அடுத்து, லென்சை மூடிவிட்டு ஒரு படம் எடுங்கள். முழு இருட்டில் சிவப்பு, பச்சைப் புள்ளிகள் மினுங்கினால், சென்சாரில் கோளாறு.

மூன்றாவது, ஷட்டர் எண்ணிக்கை. மோட்டார் சைக்கிள் எத்தனை கிலோ மீட்டர் ஓடியது என்று கேட்பதில்லையா? அதுபோல, இந்தக் காமிரா எத்தனை படம் எடுத்தது என்று கேளுங்கள். தொடக்க நிலை மாடல்கள் சிலவற்றில் ஷட்டர் ஒரு லட்சம் படம் தாங்கும் என்பது கணக்கு. 80 ஆயிரம் படம் எடுத்தது என்றால், அது கல்யாண வீடுகளில் உழைத்துக் களைத்த காமிரா!

நான்காவது, எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். தூரத்துக்கும் பக்கத்துக்கும் போகஸ் மாறுகிறதா? பிளாஷ் எரிகிறதா? பாட்டரி உப்பியிருக்கிறதா?

ஐந்தாவது, பில். காமிராவின் அடியில் உள்ள நம்பரும் பில்லில் உள்ள நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். பில் இல்லாத பொருள் திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். ஜாக்கிரதை!

புதியது வாங்குவோருக்கு

புதுக் காமிராவை ஒரு கடையில் மட்டும் ஆயிரக்கணக்கில் குறைத்துச் சொன்னால், காரணத்தைக் கேளுங்கள். முறையாக இறக்குமதி ஆகாத சரக்காக இருக்கலாம். "கிரே மார்க்கெட்" என்பது இதற்குப் பெயர். அதற்கு, கம்பெனியின் இந்திய உத்தரவாதம் கிடைக்காது. ஜி.எஸ்.டி. பில்லும் உத்தரவாதச் சீட்டும் கேட்டு வாங்குங்கள்.

மெமரி கார்டில் போலி அதிகம். 128 ஜி.பி. என்று எழுதியிருக்கும்; உள்ளே அதில் ஒரு பங்குதான் இருக்கும். இடம் தீர்ந்த பிறகு எடுக்கும் படங்கள் கெட்டுப் போகும். கார்டு வாங்கியதும், கம்ப்யூட்டரில் போட்டு ஒரு தடவை முழுவதும் நிரப்பிப் பாருங்கள். எல்லாம் சரியாகத் திறந்தால் நல்ல கார்டு. விசேஷத்துக்கு முதல் நாளே இதைச் செய்துவிட வேண்டும்.

பணத்தைப் பிரியுங்கள்

கையில் 30 ஆயிரம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 ஆயிரத்துக்கும் காமிரா வாங்கக் கூடாது! 24 ஆயிரத்துக்குள் காமிராவும் லென்சும் முடிய வேண்டும். மீதி 6 ஆயிரத்தில் நல்ல மெமரி கார்டு, இன்னொரு பாட்டரி, பை ஆகியவற்றை வாங்க வேண்டும். மிச்சம் இருந்தால், 1.8 லென்சுக்கு இப்போதே உண்டியல் போட்டு விடலாம்.

பையைப் பீரோவுக்குள் பூட்டி வைக்கக் கூடாது. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் காமிராவை வைத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலங்களைப் போட்டு மூடுங்கள். செலவு சொற்பம். லென்சில் பூஞ்சணம் பிடிக்காது.

வருஷத்துக்கு ஒரு விசேஷத்துக்கு மட்டும்தான் காமிரா வேண்டுமா? பெரிய ஊர்களில் நாள் வாடகைக்குக் காமிரா கிடைக்கிறது. வாங்குவதற்கு முன்பு, ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பதும் நல்லது. கைக்குப் பிடிக்கிறதா, கனக்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஐந்து கேள்விகள்

கடைக்குப் புறப்படும் முன்பு, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து இந்த ஐந்து கேள்விக்கும் பதில் எழுதுங்கள்:

1. எதைப் படம் எடுக்கப் போகிறோம்? பகலிலா, இரவிலா? தூரத்திலா, பக்கத்திலா?

2. அதைப் போனிலேயே எடுக்க முடியாதா?

3. சென்சார் என்ன அளவு? லென்சில் உள்ள எண் என்ன?

4. கார்டு, பாட்டரி, பை எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு?

5. எடுத்த படங்களை எங்கே வைக்கப் போகிறோம்?

கடைசிக் கேள்வியைப் பலர் மறந்து விடுகிறார்கள். கார்டு ஒரு நாள் கெட்டுப் போகும். கம்ப்யூட்டரும் கெட்டுப் போகும். படங்களை இரண்டு இடத்தில் வையுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, நல்ல படங்களாக 20 தேர்ந்தெடுத்து, அச்சிட்டு ஆல்பத்தில் ஒட்டுங்கள். காமிரா பழையதாகி விலை போய்விடும். ஆல்பத்துக்கோ, ஆக ஆக மதிப்பு கூடும்!